கனவா, வலிப்பா? நாயின் தூக்கத்தைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதியம் இரண்டரை மணி இருக்கும். வாசல் திண்ணையில் எங்கள் செம்பி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முன்னங்காலின் பாதம் மட்டும் இரண்டு தடவை மடங்கி நிமிர்ந்தது. மீசை முடிகள் துடித்தன. வாயைத் திறக்காமலே தொண்டைக்குள் 'ஊப், ஊப்' என்று அடங்கிய குரலில் ஒரு குரைப்பு. பிறகு பின்னங்கால்கள் நாலைந்து முறை வெட்டி இழுத்தன. பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, செம்பிக்கு இழுப்பு வந்துட்டு, ஓடி வா!" என்று சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் திண்ணையை எட்டுவதற்குள் செம்பி பெருமூச்சு ஒன்றை விட்டுக் கண்ணைத் திறந்தாள். அக்காவைப் பார்த்து வாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அது இழுப்பு இல்லை, கனவு. ஆனாலும் அக்கா பதறியதில் தப்பே இல்லை. அதே திண்ணையில், செம்பி வருவதற்கு முந்தின வருடம், நான் இதற்கு நேர்மாறான தவறைச் செய்தேன். ஒரு குட்டிக்கு வந்திருந்த நோயைக் கனவு என்று நினைத்து மூன்று நாளை விட்டுவிட்டேன். அதைப் பிறகு ஐந்தாவது படியில் சொல்கிறேன். இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே அந்தக் குட்டிக்காகத்தான்.

படி 1: ஒரு வாரம் சும்மா பாருங்கள், எழுதி வையுங்கள்

உங்கள் நாய்க்கு எது வழக்கம் என்று தெரியாமல், எது கோளாறு என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் முதல் வேலை, பார்ப்பது. ஒரு பழைய நோட்டு போதும். எங்கள் வீட்டில் பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்தான் செம்பியின் தூக்கக் கணக்கு. ஒரு நாள் மதியம் எழுதியது இப்படி இருக்கிறது:

2.10 படுத்தாள். 2.14 கண் மூடியது. 2.31 பாதம், மீசை துடிப்பு, ஒரு முனகல். 2.33 அடங்கியது. 2.36 மீன்காரர் ஹாரன், எழுந்து குரைத்தாள். 2.41 இடம் மாறிப் படுத்தாள்.

அரை மணி நேரத்துக்குள் ஒரு முழுச் சுற்று முடிந்துவிட்டது பாருங்கள். மனிதர்கள் போல ராத்திரி படுத்துக் காலையில் எழுவது நாயின் வழக்கம் இல்லை. துண்டு துண்டாகத் தூங்கும். ஆஸ்திரேலியாவில் 1990களின் தொடக்கத்தில் நாய்களை இரவு முழுக்கக் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். சராசரியாக 16 நிமிடம் தூக்கம், 5 நிமிடம் விழிப்பு என்றுதான் அந்த இரவுகள் போயின. நல்ல மாணவனுக்கு இருக்க வேண்டிய குணங்களில் ஒன்றாக 'சுவான நித்திரை'யை, அதாவது நாயின் தூக்கத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு சத்தம் கேட்டால் உடனே விழித்துக்கொள்ளும் தூக்கம். கவனித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மொத்தக் கணக்கு என்று பார்த்தால், வளர்ந்த நாய் ஒரு நாளில் 10 முதல் 14 மணி நேரம் தூங்கும். குட்டிகள் 18, 20 மணி நேரம்கூடத் தூங்கும். பெரிய உடல்வாகு கொண்ட நாய்களும் வயதான நாய்களும் கூடுதலாகத் தூங்கும். வீட்டில் ஆள் இல்லாமல், வேலை இல்லாமல் இருக்கும் நாயும் சலிப்பில் அதிகம் தூங்கும். அதனால் 'பன்னிரண்டு மணி நேரம் தூங்குகிறதே, சோம்பேறியோ' என்று கவலைப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது மாற்றத்தை. போன மாதம் கேட் சத்தத்துக்கு ஓடி வந்த நாய் இந்த மாதம் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது என்றால், உடம்பைத் தடவி உண்ணி இருக்கிறதா பாருங்கள், ஈறு வெளுத்திருக்கிறதா பாருங்கள். நம் ஊர்ப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல், 'கொஞ்சம் அதிகமாகத் தூங்குகிறது' என்ற உருவில் வருகிறது.

நோட்டில் நேரம் மட்டும் போதாது. எங்கே படுத்தது, எப்படிப் படுத்தது, என்ன துடித்தது, கூப்பிட்டதும் எழுந்ததா, எழுந்ததும் எப்படி இருந்தது, இதெல்லாம் வேண்டும். கடைசி இரண்டும் ரொம்ப முக்கியம்.

படி 2: தூக்கத்தின் கட்டங்களைக் கண்ணால் பிரித்துப் பழகுங்கள்

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. நெஞ்சையும் முகத்தையும் பார்த்தால் போதும்.

முதலில் அரைத்தூக்கம். கண் பாதி மூடியிருக்கும், தலை முன்னங்கால் மேல் இருக்கும், காது மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். அடுப்படியில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் ஒரு நொடியில் அங்கே நிற்கும்.

அடுத்தது அமைதியான தூக்கம். மூச்சு மெதுவாகி, ஒரே சீராக ஏறி இறங்கும். உடம்பில் அசைவு இருக்காது. மூளையின் மின் அலைகள் பெரிதாகி வேகம் குறையும் கட்டம் இது. களைப்பு ஆறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது கட்டம்தான் நம் கதையின் மையம். கண் மூடிக் கால் மணி, இருபது நிமிடம் ஆன பிறகு பெரும்பாலும் இது வரும். சீராக இருந்த மூச்சு திடீரென்று தாளம் தப்பும். வேகமாக நாலு மூச்சு, ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி இரண்டு. மூடிய இமைக்கு அடியில் கண்மணி இங்கும் அங்கும் ஓடுவது வெளியே தெரியும். மீசை, உதட்டோரம், காது நுனி, பாதம், வால் நுனி என்று உடம்பின் ஓரங்களில் துடிப்பு. இதை ரெம் தூக்கம் என்கிறார்கள், கண் வேகமாக அசையும் தூக்கம். மனிதர்களிடம் இதைக் கண்டறிந்து 1953ல் வெளியிட்டவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் இருவரும். இந்தக் கட்டத்தில் எழுப்பப்பட்டவர்கள் தெளிவாகக் கனவு கண்டதாகச் சொன்னார்கள்.

ஓரங்கள் மட்டும் ஏன் துடிக்க வேண்டும்? கனவில் ஓடுகிற நாய் நிஜத்தில் ஏன் எழுந்து ஓடுவதில்லை? மூளைத்தண்டில் பான்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. ரெம் தூக்கம் தொடங்கியதும், உடம்பின் பெரிய தசைகளுக்குப் போகும் கட்டளைகளை அது தடுத்துவிடுகிறது. பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே என்ற ஆய்வாளர் 1950களின் கடைசியில் தொடங்கிப் பூனைகளிடம் இதைக் கண்டுபிடித்தார். பான்ஸில் குறிப்பிட்ட இடத்தைச் சேதப்படுத்தியபோது அந்தப் பூனைகள் தூங்கிக்கொண்டே எழுந்து நின்றன. இல்லாத எலியைப் பதுங்கிப் பிடித்தன, இல்லாத எதிரியோடு சண்டை போட்டன. செம்பியின் பாதம் மடங்குவது, அந்தத் தடுப்பையும் மீறி ஒழுகி வரும் ஓட்டத்தின் மிச்சம்.

குட்டிகளிடம் இந்தத் துடிப்பு மிக அதிகம். பிறந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் இருக்கும் குட்டிகள் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். தாயின் வயிற்றோரம் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்து, இடைவிடாமல் துள்ளிக்கொண்டும் சிலிர்த்துக்கொண்டும் இருக்கும். நரம்பும் தசையும் வளரும் விதம் அது. அந்த வயதில் துடிக்காமல், தனியாக ஒதுங்கித் துவண்டு கிடக்கும் குட்டியைத்தான் உடனே கவனிக்க வேண்டும்.

படி 3: கனவைப் பற்றி என்ன தெரியும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாய் கனவு காண்கிறது என்பது புதுச் செய்தி இல்லை. தூக்கத்தில் குரைப்பதை வைத்து நாய்கள் கனவு காண்பது தெரிகிறது என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். ஆனால் என்ன கனவு என்று நாய் எழுந்து சொல்லப் போவதில்லை. சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும்.

அந்தச் சுற்றுவழியில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் எலி ஆய்வு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேத்யூ வில்சனும் கென்வே லூயியும் 2001ல் வெளியிட்டது. வட்டமான பாதையில் சாப்பாட்டுக்காக ஓடப் பழகிய எலிகளின் மூளையில், நினைவைக் கையாளும் ஹிப்போகேம்பஸ் பகுதியில், எந்தச் செல் எப்போது துடிக்கிறது என்று பதிவு செய்தார்கள். பிறகு அதே எலிகள் ரெம் தூக்கத்தில் இருந்தபோதும் பதிவு செய்தார்கள். ஓடும்போது வந்த அதே வரிசை தூக்கத்திலும் வந்தது. கிட்டத்தட்ட அதே வேகத்தில் வந்தது. தூங்கும் எலி 'இப்போது பாதையின் எந்த இடத்தில் இருக்கிறது' என்றுகூடச் சொல்ல முடிந்தது. எலியின் மூளை அன்றைய ஓட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது என்றால், அதைவிடப் பெரிய மூளையும், நம்மோடு கழித்த ஒரு முழு நாளும் உள்ள நாய்க்கு என்னென்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாயிடமே நேராகச் செய்த ஆய்வுகளுக்கு ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரம் பேர்போனது. அங்கே எய்ட்வஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் வீட்டு நாய்களுக்கென்றே ஓர் ஆய்வுக் குழு இயங்குகிறது. அறுவை சிகிச்சை இல்லை, மருந்து இல்லை. நாயின் தலையில் சின்னச் சின்ன மின்முனைகளை ஒட்டிவிட்டு, வளர்ப்பவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, நாய் தானாகத் தூங்கும்வரை காத்திருப்பார்கள். பழக்கமான ஆள் பக்கத்தில் இருப்பதால் அதுவும் தூங்கிவிடுகிறது. 2017ல் வந்த அவர்களுடைய ஒரு கட்டுரையில், ஹங்கேரிய மொழியில் 'உட்கார்', 'படு' தெரிந்த நாய்களுக்கு அதே கட்டளைகளை ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற பிறகு வந்த தூக்கத்தில் மூளை அலைகள், ஒன்றும் கற்காத நாளின் தூக்கத்திலிருந்து மாறியிருந்தன. பாடம் தூக்கத்திலும் நடக்கிறது. நீங்கள் நாய்க்கு ஏதாவது பழக்குகிறீர்கள் என்றால், பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்துவிட்டு விளையாட்டு, அப்புறம் நல்ல தூக்கம் என்று விடுங்கள். ஒரு மணி நேரம் விடாமல் சொல்லிக்கொடுப்பதைவிட அது நல்லது.

அதே குழு அதே வருடம் வெளியிட்ட இன்னொரு முடிவு என்னைக் கொஞ்சம் உலுக்கியது. சில நாய்களைத் தூங்குவதற்கு முன் கொஞ்சினார்கள், பந்து போட்டு விளையாடினார்கள். இன்னொரு நாள் அதே நாய்களைக் கொஞ்ச நேரம் தனியாகக் கட்டி வைத்தார்கள், கண்டுகொள்ளாமல் இருந்தார்கள், அறிமுகமில்லாத ஆள் முறைத்துப் பார்த்தார். கஷ்டப்பட்ட நாளில் நாய்கள் சீக்கிரமாகவே தூங்கிப்போயின. ஆனால் அமைதியான தூக்கம் குறைந்துபோனது. தீபாவளி ராத்திரி வெடிச் சத்தம் ஓய்ந்ததும் கட்டிலுக்கு அடியில் உடனே தூங்கிவிடும் நாயைப் பார்த்து 'அப்பாடா, சரியாகிவிட்டது' என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மறுநாள் முழுக்க வீட்டைச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறேன்.

படி 4: படுக்கும் விதத்தைப் படியுங்கள், ஆனால் ஜோசியம் பார்க்காதீர்கள்

மல்லாந்து படுத்தால் தைரியசாலி, சுருண்டு படுத்தால் பயந்தாங்கொள்ளி என்றெல்லாம் பட்டியல்கள் சுற்றுகின்றன. நான் அவற்றை நம்புவதில்லை. படுக்கும் விதத்தில் பாதிக்கு மேல் வெயிலும் குளிரும்தான் பேசுகின்றன.

மார்கழி விடியலில் தெருவில் நடந்து பாருங்கள். நாய்கள் மூக்கை வாலுக்கு அடியில் செருகி, வட்டமாகச் சுருண்டு, நேற்று எரித்த குப்பைச் சாம்பலின் கதகதப்பில் கிடக்கும். சித்திரை மதியம் அதே நாய்கள் கட்டட வேலை நடக்கும் இடத்து மணல் குவியலில் மேல் மணலைத் தோண்டித் தள்ளிவிட்டு, ஈரமான அடி மணலில் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கும். வயிற்றில் முடி குறைவு. வியர்வைச் சுரப்பிகள் பாதத்தில் இருக்கின்றன. அதனால் தரை குளிர்ந்தால் உடம்பு குளிரும். டைல்ஸ் தரையில் தவளை மாதிரி பின்னங்கால்களை நீட்டிப் படுப்பதும், மின்விசிறிக்குக் கீழே நாலு காலையும் மேலே தூக்கி மல்லாந்து கிடப்பதும் இதே கணக்குத்தான். படுக்கும் முன் சுற்றிச் சுற்றி வருவதும், மெத்தையைப் பிறாண்டுவதும் அந்த மணல் தோண்டும் பழக்கத்தின் வீட்டுப் பதிப்பு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம் நாட்டு நாய்களுக்குக் குட்டை முடி. வெயிலுக்கு ஏற்ற உடம்பு, குளிரில் ஒரு சாக்கு தேடும் உடம்பு.

படுக்கும் விதம் உண்மையிலேயே ஒன்றைச் சொல்கிறது: கனவு வருமா, வராதா. கால்களை உடம்புக்கு அடியில் வைத்து, தலையைத் தூக்கியோ கால் மேல் வைத்தோ படுத்திருக்கும் நாய் காவலில் இருக்கிறது. ரெம் தூக்கத்தில் தசைகள் தளர்ந்துவிடும் என்பதால், அதற்குள் போக வேண்டுமானால் ஒருக்களித்தோ, மல்லாந்தோ, எதிலாவது சாய்ந்தோ கிடக்க வேண்டும். புதிதாக வீட்டுக்கு வந்த தெருநாய் முதல் வாரம் முழுக்கக் காவல் நிலையிலேயே தூங்கும். செம்பி என் கண் முன்னால் முதல் தடவை ஒருக்களித்துப் படுத்தது அவள் வந்த ஒன்பதாம் நாள். அன்றைக்குத்தான் அவள் கனவு காண்பதையும் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பலரைப் பயமுறுத்தும் ஒன்று, பாதி திறந்த கண். 'கண் சொருகிவிட்டது' என்று அலறுவார்கள். நாய்க்கு மூக்கோரமாக மூன்றாவது இமை ஒன்று உண்டு. தூக்கத்தில் அது கண்ணுக்கு மேல் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஏறி வரும். எழுந்ததும் இறங்கிவிட்டால் ஒன்றுமில்லை. விழித்திருக்கும்போதும் ஏறியே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 5: கனவா, வலிப்பா? பிரித்தறியுங்கள்

இப்போது அந்தக் குட்டியின் கதை. டீக்கடை பெஞ்சுக்கு அடியிலிருந்து தூக்கி வந்த கறுப்புக் குட்டி, மூன்று மாதம் இருக்கும். வந்த அன்று கண்ணில் பீளையும் மூக்கில் சளியும் இருந்தன. துடைத்துவிட்டேன், பால் கொடுத்தேன், தூங்கியது. தூக்கத்தில் அதன் தாடை 'டக் டக் டக்' என்று எதையோ மெல்லுவது போல அடித்துக்கொண்டது. பால் குடிப்பதாகக் கனவு காண்கிறது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் முன்னங்கால் ஒன்று அதே தாளத்தில் இழுத்தது. அதையும் கனவு என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள், குட்டி கண் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாடை அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டிஸ்டெம்பர், நாய்களிடம் தொற்றிப் பரவும் வைரஸ் நோய். கிருமி நரம்பு மண்டலத்துக்கு ஏறியிருந்தது. குட்டி பிழைக்கவில்லை.

மூன்று நாள் முன்னால் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் அன்று எனக்குத் தெரியாமல் போன வித்தியாசங்கள் இவை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கனவுத் துடிப்புக்குத் தாளம் கிடையாது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒன்று. உடம்பு தளர்வாக இருக்கும். காலை மெதுவாகத் தொட்டால் துணி மாதிரி தொங்கும். ஒவ்வொரு துடிப்பும் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் அடங்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழிக்கும், விழித்ததும் நம்மை அடையாளம் தெரியும்.

வலிப்பில் உடம்பு விறைக்கும். கழுத்து பின்னால் வளையும், கால்கள் கட்டை மாதிரி நீளும். பிறகு நீந்துவது போல ஒரே வேகத்தில், பலமாக அடித்துக்கொள்ளும். வாயில் நுரையோ எச்சிலோ வழியும். சிறுநீரோ மலமோ போய்விடலாம். கூப்பிட்டால் விழிக்காது. ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்ற பிறகும் தள்ளாடும், சுவரில் முட்டும், சொந்த ஆளையே தெரியாதது போலப் பார்க்கும், சில நாய்கள் அகோரப் பசியோடு தேடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரம்பரையாக வரும் வலிப்பு உள்ள நாய்களுக்கு அது பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்கும், ஓய்விலோ தூக்கத்திலோ இருக்கும்போதுதான் அடிக்கடி வரும். அதனால் 'தூங்கும்போதுதானே வந்தது, கனவாக இருக்கும்' என்ற சமாதானம் உதவாது.

டிஸ்டெம்பர் துடிப்பு மூன்றாவது வகை. ஒரே தசை, ஒரே தாளம். தூக்கத்திலும் நிற்காது, விழிப்பிலும் நிற்காது. தாடை, நெற்றிப்பொட்டு, ஒரு கால் என்று ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு நான்கு மாதம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள் என்று போட்டிருந்தால் இந்த நோயைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். வெறிநாய்க்கடி ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு எல்லாம் முடிந்தது என்று பலர் நின்றுவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு.

வலிப்பு வந்தால் என்ன செய்வது? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மேசை, நாற்காலி, படிக்கட்டு ஓரம் இவற்றிலிருந்து மெதுவாக நகர்த்துங்கள். வாய்க்குள் கை விடக் கூடாது, நாய் நாக்கை விழுங்காது. தண்ணீர் ஊற்றக் கூடாது. சாவி, இரும்பு, வெங்காயம் எதுவும் உதவாது. விளக்கை அணைத்து, சத்தத்தைக் குறைத்து, மின்விசிறியைப் போடுங்கள், ஏனென்றால் உடம்பு சூடேறும். ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது நாய் சாதாரணமாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் வாயால் சொல்வதை அரை நிமிட வீடியோ காட்டிவிடும். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை, அல்லது ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை வந்தது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தொடர்ந்து பார்க்க வேண்டிய வலிப்புக்கு வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகளையும் கேட்டுப் பாருங்கள்.

அரிதான இரண்டு உண்டு. ஒன்று, ஜூவேயின் பூனைகள் போல ரெம் தூக்கத்தின் தசைத் தடுப்பு வேலை செய்யாமல் போவது. நாய் தூங்கிக்கொண்டே பலமாக ஓடும், சுவரில் மோதும், கடிக்கும். ஆனால் எழுப்பினால் உடனே தெளிவாகிவிடும். இன்னொன்று நார்கோலெப்சி என்ற தூக்க நோய். விளையாடும்போதோ, பிடித்த சாப்பாட்டைக் கண்ட சந்தோஷத்திலோ கால் மடங்கி அப்படியே விழுந்துவிடும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிமென்ட் 1970களில் இப்படிப்பட்ட டோபர்மேன், லாப்ரடார் நாய்களைச் சேர்த்து வளர்த்தார். அந்த நாய்களை வைத்தே எம்மனுவேல் மீன்யோவின் குழு 1999ல் காரணமான மரபணுவைப் பிடித்தது. விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற மூளை ரசாயனத்தை ஏற்கும் வாசல் அந்த நாய்களில் பழுதாகியிருந்தது. அந்த வழியைப் பிடித்துப் போய்த்தான் மறு வருடமே மனித நோயாளிகளின் மூளையில் அந்த ரசாயனமே குறைந்துபோயிருப்பதைக் கண்டார்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சந்தோஷத்தில் சரிந்து விழுந்த அந்த நாய்களுக்கு மனிதர்கள் கடன்பட்டிருக்கிறோம்.

படி 6: எழுப்ப வேண்டுமானால் குரலால் எழுப்புங்கள்

கனவில் முனகும் நாயைப் பார்த்தால் தடவிக் கொடுக்கத்தான் கை போகும். போக வேண்டாம். ரெம் தூக்கத்திலிருந்து தொட்டு எழுப்பப்பட்ட நாய்க்கு ஒரு கணம் எது கனவு, எது நிஜம் என்று தெரியாது. அந்த ஒரு கணத்தில் பல் பட்டுவிடும். அதில் நாயின் குற்றம் எதுவும் இல்லை. எழுப்பியே ஆக வேண்டுமானால் நாலடி தள்ளி நின்று, வழக்கமான குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். காது கேட்காத கிழட்டு நாய் என்றால் பக்கத்தில் தரையைக் காலால் தட்டுங்கள், அதிர்வு தெரியும். பிள்ளைகளுக்கு ஒரே விதி: தூங்கும் நாயின் மேல் சாயக் கூடாது, கட்டிக்கொள்ளக் கூடாது, தாண்டக் கூடாது.

பல் பட்டுவிட்டால், சொந்த நாயாக இருந்தாலும், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 7: தூக்கத்தில் மூச்சை எண்ணுங்கள்

இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் பணமில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய பரிசோதனைகளில் இதற்கு இணை இல்லை. நாய் அமைதியான தூக்கத்தில், துடிப்பு இல்லாமல், இரைக்காமல் இருக்கும்போது 30 விநாடிக்கு எத்தனை தடவை நெஞ்சு ஏறி இறங்குகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு நாள் கூடினால் வெயிலாக இருக்கலாம். இரண்டு மூன்று தடவை எண்ணியும் தொடர்ந்து 30க்கு மேல் என்றால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்க வேண்டும். ராத்திரி இருமும் வயதான பொமரேனியன் வைத்திருப்பவர்கள் இதை வாரம் ஒரு தடவையாவது எண்ணுங்கள். சின்ன இன நாய்களுக்கு வயதாகும்போது இதய வால்வு தளர்வது அடிக்கடி நடப்பது.

குறட்டை தனிச் சேதி. பக், புல்டாக் போன்ற சப்பை மூஞ்சி நாய்களின் குறட்டையைச் செல்லமாக வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே இங்கிலீஷ் புல்டாக்குகளைத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். மனிதர்களுக்கு வரும் தூக்க மூச்சடைப்பு அப்படியே அவற்றிடம் இருந்தது. தலையணை, படிக்கட்டு என்று எதன் மேலாவது தாடையை உயர்த்தி வைத்துத் தூங்குவதும், உட்கார்ந்தபடியே தூங்கி விழுவதும் காற்றுக்குத் தவிப்பதன் அடையாளங்கள். எடையைக் குறைத்தாலே பாதி நிம்மதி கிடைக்கும். மூக்குத் துவாரம் மிகக் குறுகலாக இருந்தால் அறுவை சிகிச்சையும் உண்டு.

படி 8: தூங்கும் இடத்தைச் சரி செய்யுங்கள்

விலையுயர்ந்த மெத்தை வேண்டாம். பழைய போர்வையை நாலாக மடித்து ஒரு சாக்குக்குள் திணித்தால் போதும். வாரம் ஒரு தடவை வெயிலில் காய வைத்து, மடிப்புகளில் உண்ணி பாருங்கள். ராஜபாளையம், கிரேட் டேன் மாதிரி பாரமான நாய்கள் வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தால் முழங்கை காய்த்து, சில சமயம் நீர் கோத்து வீங்கும். வெயில் காலத்தில் தரையும் வேண்டும், மெத்தையும் வேண்டும், எது வேண்டும் என்பதை நாயே முடிவு செய்யட்டும்.

சுவரோரம், முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடம், அங்கிருந்து வாசலையும் வீட்டு ஆட்களையும் பார்க்க முடிய வேண்டும். சங்கிலியில் கட்டிய நாய் சுற்றி வந்து இடம் தேட முடியாது, வெயில் நகரும்போது தானும் நகர முடியாது. ராத்திரி முழுக்கக் கட்டிப் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கொசுவர்த்தியை அதன் மூக்குக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். காலையில் காரை எடுக்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள், பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தெருக் குட்டிகள் அங்கேதான் தூங்கும்.

படி 9: வயதான நாயின் ராத்திரி

பத்து வயதைத் தாண்டிய நாய் பகலெல்லாம் தூங்கி, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வீட்டைச் சுற்றி நடந்தால், மூலையில் நின்று சுவரையே பார்த்தால், காரணமில்லாமல் குரைத்தால், அதைத் திட்டாதீர்கள். மனிதர்களுக்கு வரும் மறதி நோய் போன்ற ஒன்று நாய்களுக்கும் வரும். பகலும் இரவும் இடம் மாறுவது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. ஆனால் மூட்டு வலி, சிறுநீர்த் தொல்லை, பார்வைக் குறைவு இவையும் இதே மாதிரி எழுப்பும். முதலில் அவற்றை டாக்டரிடம் காட்டித் தள்ளிவிட வேண்டும். பிறகு காலையிலும் மாலையிலும் வெளிச்சத்தில் கொஞ்ச நடை, படுக்கும் முன் ஒரு தடவை வெளியே கூட்டிப்போவது, சாக்கு கிடக்கும் இடத்தை மாற்றாமல் இருப்பது, ஒரு சின்ன இரவு விளக்கு. நடமாட்டம் கேட்டால் எழுந்து போய்ப் பேச்சுக் கொடுத்து, சாக்கு வரை கூட நடந்து வந்து படுக்க வையுங்கள்.

செம்பிக்கு இப்போது ஏழு வயது. அந்த ராத்திரிகள் வர இன்னும் நாள் இருக்கிறது. நேற்று பால் கணக்குக்குப் பின்பக்கம் எழுதியது: 10.50 படுத்தாள், ஒருக்களித்து. மூச்சு 18. 11.12 இடது முன்னங்கால் துடிப்பு, வால் தரையில் நாலு தட்டு. கூப்பிடவில்லை.